5.9 சதவீதம் என்றால் எத்தனை பேர்?

நம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா இருக்கு. பெரும்பாலும் தொந்தரவு தராது. ஆபரேஷன் காயம் வழியாக உள்ளே போனால்தான் வம்பு. அதுவும் எம்.ஆர்.எஸ்.ஏ. எனும் வகை என்றால், வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் பல வேலை செய்யாது.

2016 ஜூலையில் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகக் குழு 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. மூக்கில் வாழும் இன்னொரு பாக்டீரியா, ஸ்டஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ், 'லக்டுனின்' என்ற ஆன்டிபயாடிக்கைச் சுரந்து ஆரியஸைக் கொல்கிறதாம். இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டு எண்கள் வரும்: லக்டுனென்சிஸ் உள்ளவர்களில் 5.9 சதவீதத்தினரிடம் மட்டுமே ஆரியஸ், இல்லாதவர்களில் 34.7 சதவீதம்.

சதவீதத்தைப் பார்த்தால் கீழே என்ன எண் இருக்குன்னு கேட்கணும். சோதிக்கப்பட்ட நோயாளிகள் மொத்தம் 187 பேர். லக்டுனென்சிஸ் இருந்தது சுமார் 9 சதவீதத்தினரிடம், அதாவது 17 பேர். அந்த 17-ல் 5.9 சதவீதம் என்பது... ஒரே ஒருவர்! மீதி 170 பேரில் 59 பேரிடம் ஆரியஸ்.

அந்த 17 பேரில் இன்னும் இருவரிடம் ஆரியஸ் இருந்திருந்தால் 5.9 என்பது 17.6 ஆகியிருக்கும். தசமப் புள்ளி தரும் துல்லியம் இங்கே இல்லை.

அதற்காக ஆய்வையே ஒதுக்கிவிட வேண்டாம். ஆறு பேரை எதிர்பார்க்கும் இடத்தில் ஒருவர்தான் என்பது தற்செயலாக நடக்க வாய்ப்பு குறைவு. உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கு. லக்டுனினைச் சுரக்க முடியாதபடி மரபணு மாற்றிய லக்டுனென்சிஸால் ஆரியஸை அடக்க முடியவில்லை. எலிகளின் மூக்கிலும் இதே வித்தியாசம் தெரிந்தது. மருத்துவமனைக் கணக்கு தொடர்பை மட்டும்தான் காட்டுது. காரணத்தைக் காட்டுவது இந்தச் சோதனைகள்தான். ஆனால் மேற்கோள் காட்டப்படுவதோ அந்த இரண்டு சதவீதங்கள்.

இது வெறும் எண் விளையாட்டு இல்லைங்க. "நல்ல பாக்டீரியாவை மூக்கில் விட்டால் போதும்" என்று யாராவது விற்க வந்தால், ஆதாரமாகக் காட்டப்போவதும் அந்தச் சதவீதங்களைத்தான். மனித மூக்கில் அதை விட்டுப் பார்த்த சோதனை இந்த ஆய்வில் கிடையாது. லக்டுனென்சிஸும் பரம சாது அல்ல. இதய வால்வில் கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடியது. சுரக்கும் மருந்தையும் சுரக்கிற பாக்டீரியாவையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.