இன்னார் மனைவி

2025 நவம்பரில் ஒரு நாள் அம்மா போனில் கூப்பிட்டு, "எய்யா, அந்த ஓட்டு ஃபாரத்துல பழைய லிஸ்ட் நம்பர் கேக்காவளே, என்னன்னு பாரேன்" என்றாள். தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் நம் பெயரோ நெருங்கிய உறவினர் பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று எழுத வேண்டும். நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். பத்து நிமிடத்தில் தேடிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் ஆனது. கோப்பில் தேடல் வேலை செய்யவில்லை. பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ஒருவழியாகக் கிடைத்தபோது அது அம்மாவின் பெயராகவே இல்லை. பாதிப் பெயரை யாரோ விழுங்கியிருந்தார்கள். பக்கத்துக் கட்டத்தில் இருந்த அப்பா பெயரை வைத்துத்தான் அது அவள் என்று பிடித்தேன்.

அன்று ராத்திரி அலமாரியிலிருந்து ஆர்னிட் ஷனியின் 'ஹவ் இந்தியா பிகேம் டெமாக்ரடிக்' புத்தகத்தை மறுபடி எடுத்தேன். 2018இல் வெளிவந்த நூல். முதலில் படித்தபோது ஏதோ நிர்வாக வரலாறு என்றுதான் நினைத்தேன். வாக்காளர் பட்டியலைப் பற்றி ஒரு முழுப் புத்தகமா என்றுகூடத் தோன்றியது. இந்த முறை அப்படித் தோன்றவில்லை.

இந்தியாவில் வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த கதையை நாம் வழக்கமாக ஒரே வரியில் முடித்துவிடுவோம்: அரசியல் நிர்ணய சபை தீர்மானித்தது, கிடைத்தது. ஷனி கேட்பது வேறு. தீர்மானித்தால் போதுமா, எழுதியது யார்? 1935 சட்டத்தின்படி சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. மூன்று கோடிப் பேருக்குச் சற்று அதிகம், அதாவது வயதுவந்தோரில் ஐந்தில் ஒரு பங்கு. 1951-52 தேர்தலில் பட்டியலில் இருந்தவர்கள் 17 கோடிக்கும் மேல். அந்தச் சமயத்தில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பிரிவினை ரணம் ஆறவில்லை. சமஸ்தானங்கள் இன்னும் முழுதாக ஒட்டவில்லை. தேர்தல் ஆணையம் என்று ஒன்றே கிடையாது, அது 1950 ஜனவரியில்தான் வருகிறது. ஆனால் 1948 மார்ச்சிலேயே அரசியல் நிர்ணய சபையின் செயலகம் மாகாணங்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது: பட்டியலை ஆரம்பியுங்கள். இந்தியர்கள் குடிமக்கள் ஆவதற்கு முன்பே வாக்காளர்கள் ஆகிவிட்டார்கள் என்கிறார் ஷனி. புத்தகத்தின் மையம் இதுதான். என்னை அசைத்ததும் இதுதான்.

இதில் அவர் காட்டும் ஆட்கள் தலைவர்கள் இல்லை. பி.என். ராவுக்குக் கீழே வேலை பார்த்த, பெயர் பரிச்சயமில்லாத அதிகாரிகள். பட்டியலில் சேர, குறிப்பிட்ட வருடத்தில் குறைந்தது 180 நாள் அந்த இடத்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்று விதி எழுதுகிறார்கள். உடனே கேள்வி வருகிறது: நேற்று எல்லை தாண்டி வந்தவன் 180 நாளுக்கு எங்கே போவான்? அஸ்ஸாமில் அகதிகளைச் சேர்க்கத் தயங்குகிறார்கள் என்று சங்கங்கள் கடிதம் மேல் கடிதம் போடுகின்றன. செயலகம் பதில் எழுதுகிறது. இங்கேயே நிரந்தரமாக இருக்கப்போகிறேன் என்று அகதி ஓர் உறுதிமொழி கொடுத்தால் போதும், சேர்த்துக்கொள் என்று விதி இளகுகிறது. அரசியல் சாசனம் இன்னும் வரைவாக இருக்கும்போதே ஜனங்கள் அதன் வாசகங்களைக் காட்டிச் சண்டை போடுகிறார்கள். பயனர்களின் புகாரை வைத்தே வடிவமைப்பைத் திருத்துவது என்று எங்கள் தொழிலில் பெரிதாகப் பேசிக்கொள்வோம். அதை இவர்கள் தட்டச்சு இயந்திரத்தையும் தபாலையும் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். மனதில் வைக்க வேண்டியது அவர்கள் எடுத்துக்கொண்ட சாய்வை. சந்தேகம் வந்தால் சேர் என்பதே அது. 2025இல் என் அம்மா கையில் இருந்த படிவத்தின் சாய்வு அதுவல்ல. சந்தேகம் வந்தால் நிரூபி.

ஆனால் ஷனி சொல்லும் கதை கொஞ்சம் அதிகமாகவே சுபமாக முடிகிறது என்பது என் எண்ணம். முதல் தேர்தலின்போது ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் நிற்கவில்லை. பெரும்பாலும் வட மாநிலங்களில். கணக்கெடுக்க வந்தவனிடம் அவர்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப்பட்ட பதிவு செல்லாது என்று உறுதியாக நின்றார். சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன், நினைக்கும்போது உறுத்தவும் செய்கிறது. ஒரு பெண் தன் பெயரால் ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காக அந்த முறை அவளுக்கு ஓட்டே இல்லை என்றாகிவிட்டது. ஒரு கோட்பாட்டின் விலை 28 லட்சம். ஷனியின் ஆர்வம் சேர்க்கப்பட்டவர்கள்மேல் இருக்கிறது. விடுபட்டவர்கள் பக்கம் நின்று எழுதினால் இதே ஆவணங்கள் வேறு குரலில் பேசியிருக்கும்.

எங்கள் ஊரில் சிக்கல் தலைகீழ். ஆச்சி தன் பெயரைச் சத்தமாகச் சொல்வாள், தாத்தா பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டபோது, "பழனியில கம்பூனிட்டு நிக்காரே, அவரு பேருதான்" என்றாளாம். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பெயர், அதற்குப் பக்கத்தில் கணவர் பெயர். சென் பெண்களுக்குச் சொந்தப் பெயரைக் கொடுத்தார். ஆனால் பக்கத்துக் கட்டத்தில் புருஷன் அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கட்டத்தைப் பற்றி நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தேர்தல் சமயத்தில், தெரிந்தவர் மூலமாக ஒரு பிரச்சாரக் குழுவுக்கு வார இறுதிகளில் வேலை செய்தேன். கேட்டது இவ்வளவுதான்: வாக்காளர் பட்டியலை அட்டவணையாக மாற்றி, ஒவ்வொரு பெயருக்கும் என்ன சாதி, என்ன மதம் என்று உத்தேசமாக ஒரு குறி போட வேண்டும். நம் பக்கம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. ஆனால் குலசாமி பெயர் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பெயரில் பிடிபடாவிட்டால் அப்பா பெயர், புருஷன் பெயர். வீட்டு எண்ணும் அந்தக் கட்டமும் இருந்தால் ஒரு குடும்பத்தையே ஒரே குறிக்குள் போட்டுவிடலாம். நிரல் நன்றாக ஓடியது, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் தெருவை எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். அம்மா பெயருக்கு நேரே சரியான சாதி வந்து விழுந்தது. அப்போதும் நான் கணினியை மூடவில்லை, வேலையை முடித்துக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டேன்.

17 கோடிப் பேரைச் சரிசமமாக வரிசைப்படுத்த எழுதிய அதே பட்டியலை வைத்து அவர்களைப் பழையபடி பிரித்து அடுக்க முடிகிறது. ஷனியின் புத்தகம் வாக்குச்சாவடி வாசலில் நின்றுவிடுகிறது. அது அவர் போட்டுக்கொண்ட எல்லை, குறை என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டியல்தான் இந்தியர்களை ஜனநாயகவாதிகளாக்கியது என்று சொல்பவர், உள்ளே போனவர்கள் என்ன செய்தார்கள் என்றும் நம்மைத் தேட வைக்கிறார். எம்.என். ஸ்ரீநிவாஸ் 1955இல் ஒரு மைசூர் கிராமத்தைப் பற்றி எழுதும்போது 'ஓட்டு வங்கி' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். நிலம் வைத்திருந்தவர் தன்னை நம்பிப் பிழைப்பவர்களின் ஓட்டையும் கையில் வைத்திருந்தார் என்பது அதன் முதல் அர்த்தம். இன்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம் திரிந்து, வெறும் சாதி மதக் கணக்காகிவிட்டது. முதல் அர்த்தத்தில் ஓட்டைத் தீர்மானித்தது சோறு, சாதி அதற்குள் கலந்து வந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நானும் நிரல் எழுதினேன்.

முகுலிகா பானர்ஜி 2014இல் எழுதிய 'வொய் இந்தியா வோட்ஸ்?' நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. 2009 தேர்தலின்போது பல மாநிலங்களில் ஆய்வாளர்கள் தங்கிப் பார்த்ததன் தொகுப்பு. வரிசையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் யாரும் யாருக்கும் மேலில்லை, விரல் மை கௌரவம், ஓட்டு கடமை என்று ஜனங்கள் சொல்வதை அவர் அப்படியே மதித்து எழுதுகிறார். எனக்குப் பிடித்த புத்தகம். எங்கள் ஊரிலும் தேர்தலன்று ஆச்சி தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்து சேலை எடுத்துக் கட்டிக்கொண்டுதான் போவாள். முதல் நாள் இரண்டு கட்சிக்காரர்களிடமும் துட்டு வாங்கியிருப்பாள், அது வேறு. 2009இல் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டின் பெயரே பணத்தோடு ஒட்டிக்கொண்டது. 2017இல் ஆர்.கே. நகரிலும் 2019இல் வேலூரிலும் பண விநியோகத்துக்காகத் தேர்தலையே ரத்து செய்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை விற்பனை என்கிறார்கள். விற்பனை என்றால், ரெண்டு பேரிடம் முன்பணம் வாங்கிய ஆச்சி மோசடிக்காரி. அவளைப் பொறுத்தவரை அது கட்சிக்காரன் வருடம் முழுக்கத் தர வேண்டியதில் ஒரு சில்லறை.

பானர்ஜியின் புத்தகத்தில் எனக்குப் போதாமல் படுவது எண்ணும் மேசை. வரிசையில் கிடைக்கும் சமத்துவம் எண்ணிக்கையில் தங்குவதில்லை. தனி ஆளின் ஓட்டு ரகசியம்தான். ஆனால் வாக்குச்சாவடி வாரியான முடிவு இருபதாம் எண் படிவத்தில் வெளியாகிவிடும். சாவடி என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று தெரு. தெரு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். காகித வாக்குச்சீட்டுக் காலத்தில் சீட்டுகளைக் கலந்து எண்ணவாவது வழி இருந்தது. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொன்றும் தனித்தனியே வாய் திறக்கிறது. பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008இல் கேட்டது. சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் ஆதரித்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. நான் செய்து கொடுத்த அட்டவணையில் கடைசி வேலையே இந்தப் படிவத்தைச் சாதிக் குறியோடு பொருத்துவதுதான். எந்தத் தெரு நமக்குப் போடவில்லை என்பது அதில் சிவப்பாகத் தெரியும். வெற்றி பெற்றவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பரில் வரைவுப் பட்டியல் வந்தது. அம்மா பெயர் இருந்தது, இந்த முறை முழுசாக. அப்பாவின் பெயரில்தான் ஓர் எழுத்து தப்பு. எட்டாம் எண் படிவம் எழுதித் திருத்திவிடலாமா என்று கேட்டேன்.

"என் பேரு சரியா இருக்குல்லா?"

"இருக்கும்மா."

"அப்பம் விடு. அவரு பேரு அவரு ஓட்டுல சரியா இருந்தாப் போதும்."

பின்னாலிருந்து அப்பா, "யாருக்குப் போடப்போறான்னு கேளுல" என்றார். அவளுக்குக் கல்யாணம் ஆகி நாற்பது வருடமாக அவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா போனை வைத்துவிட்டாள்.