கோப்பில் சாய்தளம், தரையில் சறுக்குமரம்

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 3-ம் தேதியை ஒட்டி டெல்லியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய விருதுகள் கொடுக்கிறார்கள். சாதித்த தனிநபர்கள், வேலை கொடுத்த நிறுவனங்கள், மாவட்டங்கள், மாநிலங்கள் என்று நிறைய பிரிவுகள். தனிநபர் விருதுகளில் எனக்குப் புகார் இல்லை. அரசு அரசுக்கே கொடுத்துக்கொள்ளும் விருதுகளைப் பார்த்தால்தான் உறுத்துகிறது.

சக்கர நாற்காலியில் வரும் நண்பர் ஒருவரோடு சமீபத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். வாசலில் சாய்தளம் இருந்தது, பளிச்சென்று நீலத்தில் சக்கர நாற்காலிப் படமும் இருந்தது. நம்ம நாட்டு விதிமுறைப்படி 1 அடி உயர 12 அடி நீளம் வேண்டும். அங்கே தரையிலிருந்து வாசல் சுமார் 60 சென்டிமீட்டர் உயரம். அப்படியென்றால் 7 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். இருந்தது கஷ்டப்பட்டு 2 மீட்டர். அது சாய்தளம் இல்ல, சறுக்குமரம். நானும் காவலாளியும் தள்ளி ஏற்றினோம். நண்பர் சொன்னார்: "ஏறிட்டேன்டா. இறங்குறப்போ நீ முன்னாடி நின்னு பிடிச்சுக்கோ."

கோப்பில் இது எப்படிப் பதிவாகும்? 'சாய்தளம்: உண்டு.' அவ்ளோதான்.

இது ஒரு கொத்தனாரின் தப்பு இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனத்தின் வகைகளை 7-லிருந்து 21 ஆக்கியது, அணுகல் வசதியைக் கட்டாயமும் ஆக்கியது. ஆனால் அதன் கீழ் வந்த 15-ம் விதி சுட்டிய பல வழிகாட்டுதல்கள் வெறும் பரிந்துரைகளாகவே எழுதப்பட்டிருந்தன. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005-ல் போட்ட வழக்கில், 2024 நவம்பர் 8 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கே முரணானது என்றது. குறைந்தபட்சமாக எது கட்டாயம் என்பதைத் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லி 3 மாத அவகாசமும் கொடுத்தது. அதாவது, கட்டாயமான அளவுகோலே சரியாக இல்லாத வருஷங்களிலும் 'முன்னேற்றத்துக்கு' விருது கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். எதை வைத்து அளந்தார்கள்?

தமிழ்நாடும் 'சிறந்த மாநிலம்' விருது வாங்கியிருக்கிறது. தகுதி இல்லாமல் வாங்கியது என்று சொல்ல மாட்டேன், உதவித்தொகை, உபகரணங்கள் கொடுப்பதில் நாம் பல மாநிலங்களைவிட மேல். 2022 நவம்பரில் மெரினாவில் மணல் மேல் போட்ட மரப்பாதை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். திறந்த சில நாளிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். பிறந்ததிலிருந்து சென்னையில் இருந்தும் அலையில் கால் நனைக்காதவர்களுக்கு அது என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, அந்த மெரினாவுக்கு எப்படிப் போவது? பஸ்ஸிலா? அதே காலத்தில்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாழ்தளப் பேருந்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. தளம் 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும் என்பது மாற்றுத்திறனாளிகளின் கோரிக்கை. சாலை சரியில்லை, செலவு அதிகம் என்று வாதாடியது அரசுத் தரப்பு. கடைசியில் 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓட ஆரம்பித்தன. அதற்குப் பின்னால் இருந்தது நீதிமன்றப் படியேறிய சில பிடிவாதக்காரர்கள், விருது இல்லை.

என் குறை இதுதான்: இந்த விருதுகள் துறை என்ன கொடுத்தது என்பதை எண்ணுகின்றன. ஒரு மனிதர் வீட்டிலிருந்து கிளம்பி, யாரையும் கூப்பிடாமல், வேலையை முடித்துத் திரும்பினாரா என்பதை எண்ணுவதில்லை. விண்ணப்பத்தோடு போட்டோ வைப்பதற்குப் பதிலாக, அந்த மாவட்டத்துச் சக்கர நாற்காலிக்காரர் ஒருவரையும் பார்வையற்றவர் ஒருவரையும் கலெக்டர் ஆபீசுக்குத் தனியாகப் போய்வரச் சொல்லிப் பார்க்கலாமே? பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அன்றைக்கு நண்பரின் வேலை முடியவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மாடியில் இருந்தார். லிஃப்ட் கிடையாது.