வாக்கில் எழும் வகுப்பறைகள்

ஐம்பது ஆண்டு நிற்கப்போகும் பள்ளிக் கட்டடத்தின் முழுச் செலவையும் இந்த ஆண்டு வரி கட்டுபவர் தலையில் சுமத்துவானேன்? நாளை அதைப் பயன்படுத்துவோரும் பங்கு கொடுக்கட்டும். அமெரிக்காவில் பள்ளிக் கடன் பத்திரங்களுக்கு அடிப்படை இந்த நியாயம்தான். ஊர் மக்கள் வாக்களித்து ஒப்ப வேண்டும் என்பது அதைவிட நல்ல ஏற்பாடு. கடனைத் தீர்க்கப்போவது அவர்களுடைய சொத்து வரிதானே.

கலிஃபோர்னியாவில் இந்த வழி ஒருமுறை அடைபட்டது. 1978-இல் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு, சொத்து வரியை ஒரு விழுக்காட்டில் கட்டிப்போட்டது. கடனுக்கெனப் புதிய வரி போடவும் முடியாமல் போனது. 1986-இல் வழி திறந்தது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சிறுபான்மை ஒன்று பள்ளியைத் தடுத்துவிடலாம் என்ற அந்த நிலை 2000-இல் மாறி, 55 விழுக்காடு போதுமென்றானது. பதிலுக்கு ஆண்டுத் தணிக்கையும் குடிமக்கள் கண்காணிப்புக் குழுவும் கட்டாயமாயின. கடன் பணத்தில் ஆசிரியர் சம்பளம் கொடுக்கவும் தடை.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. வாக்காளர் பார்ப்பது வரி விகிதத்தை. மொத்த வட்டியை அல்ல. சான் டியேகோ அருகே பவே பள்ளி மாவட்டம், விகிதம் ஏறாது என்று வாக்குறுதி தந்திருந்தது. அதைக் காப்பாற்ற 2011-இல் 10.5 கோடி டாலரை, இருபது ஆண்டுகளுக்கு ஒரு காசும் கட்டத் தேவையில்லாத பத்திரங்களில் வாங்கியது. 2051-க்குள் திருப்ப வேண்டியது ஏறத்தாழ 98 கோடி! புதுக் கட்டடத்தில் முதலில் படித்த தலைமுறையின் பெற்றோர் அந்தக் கடனுக்கு எதுவும் தரவில்லை. பழசாகிப்போன கட்டடத்துக்குப் பிற்பாடு வருபவர் தண்டம் கட்டுவார்கள். தலைமுறைகள் பகிர்ந்துகொள்ளும் நியாயம் தலைகீழானது. இத்தகைய பத்திரங்களுக்கு 25 ஆண்டு, அசலைப்போல் நான்கு மடங்கு என்ற வரம்பை 2013-இல் சட்டம் போட்டது. நான்கு மடங்கையே கட்டுப்பாடு என்று சொல்ல நேர்ந்தது பாருங்கள்.

ஆனாலும் பவே திருத்தக்கூடிய பிழை. இன்னொன்று அமைப்பிலேயே ஊறியது. தொடக்கப்பள்ளி முதல் மேல்நிலை வரை நடத்தும் மாவட்டம், தன் எல்லைக்குள் உள்ள சொத்து மதிப்பில் 2.5 விழுக்காடுதான் கடன் வைத்திருக்கலாம். வீட்டு விலை உயர்ந்த ஊருக்கு அது பெருந்தொகை. வயல்வெளி ஊருக்குக் கூரை மாற்றக்கூடப் போதாது. மாநிலத்தின் உதவியும் பெரும்பாலும் உள்ளூர்ப் பங்கோடு இணைந்தே வருவதால், இருப்பவனுக்கே மேலும் சேர்ந்தது. 2024-இல் வாக்காளர் ஒப்பிய 1,000 கோடி டாலர் மாநிலக் கடன், புதுப்பிப்புப் பணிகளுக்கு ஏழை மாவட்டங்களின் மாநிலப் பங்கை 60-லிருந்து 65 விழுக்காடு வரை உயர்த்த வழிசெய்தது. இந்த ஐந்து விழுக்காட்டை நான் சீர்திருத்தம் என்று சொல்ல மாட்டேன்.