மேற்கே போன வண்டி, திரும்பி வந்த வண்டி

அமெரிக்காவில் குடும்ப வரலாறு தேடுவது பெரிய பொழுதுபோக்கு. மேற்கு நோக்கிப் போன விவசாயக் குடும்பங்களின் தடத்தைப் பிடிப்பதற்கு அங்கே ஒரு சுருக்குவழி உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிள்ளைகள் எந்தெந்த மாநிலத்தில் பிறந்தார்கள் என்று பார்க்க வேண்டும். மூத்தவன் ஒஹாயோ, நடுவில் ஒருத்தி இந்தியானா, கடைக்குட்டி அயோவா என்றிருந்தால் வண்டி போன பாதை கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். 1850-ல்தான் வீட்டிலுள்ள சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த இடமும் பதிவாகத் தொடங்கின. அதன்பின் இந்த வழி பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது.

இது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? விடை முன்பே தெரிந்த ஒரு குடும்பத்தில் சோதித்துப் பார்க்கலாம். ‘லிட்டில் ஹவுஸ்’ நாவல்களை எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டரின் தந்தை சார்ல்ஸ் இங்கல்ஸ். மகள் புகழ்பெற்றதால், இந்தக் குடும்பம் போன ஊரெல்லாம் ஆவணங்களைக் கிண்டிக் கிளறிவிட்டார்கள்.

பிள்ளைகளின் பிறப்பிடங்கள் இவை: மேரி 1865, விஸ்கான்சின், லாரா 1867, விஸ்கான்சின், கேரி 1870, கான்சாஸ், கிரேஸ் 1877, அயோவா. 1880-ல் குடும்பம் டகோட்டாவில் இருக்கிறது. கொஞ்சம் வளைந்தாலும் மேற்கே போகும் கோடு மாதிரித்தான் தெரிகிறது. உண்மையில் நடந்தது வேறு. கான்சாஸிலிருந்து 1871-ல் அவர்கள் விஸ்கான்சினுக்கே திரும்பினார்கள். 1874-ல் மினசோட்டாவின் வால்நட் குரோவுக்குப் போனார்கள். வெட்டுக்கிளிக் கூட்டம் விளைச்சலைத் தின்று தீர்த்தபின் 1876-ல் கிழக்கே அயோவாவின் பர் ஓக்குக்கு வந்து ஒரு விடுதியில் வேலை பார்த்தார்கள். அடுத்த ஆண்டு மறுபடி வால்நட் குரோவ். இந்த இரு திரும்பல்களும் பிறப்பிடப் பட்டியலில் இல்லை. ஒரு மகனும் இல்லை. 1875 நவம்பரில் மினசோட்டாவில் பிறந்த ஃபிரெடி 1876 ஆகஸ்டில் இறந்துபோனான். பத்தாண்டுக்கு ஒருமுறை கதவைத் தட்டுகிற கணக்கெடுப்புக்கு அவன் பிறக்கவே இல்லை. அவனோடு மினசோட்டாவும் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது.

ஆகவே கணக்கெடுப்பை ஒதுக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சரியாகக் கையாண்டால் அது குடும்ப நினைவைக்கூடத் திருத்தும். கான்சாஸில் தாங்கள் இருந்த வீடு இண்டிபெண்டென்ஸ் நகரிலிருந்து நாற்பது மைல் என்று லாரா எழுதினார். அந்தக் கணக்கை நம்பி ஓக்லஹோமா பக்கம் தேடவும் போனார். பின்னாளில் உள்ளூர் ஆய்வாளர்கள் 1870 கணக்கெடுப்புத் தாளை எடுத்தார்கள். மாண்ட்கோமெரி மாவட்டத்து ரட்லண்ட் பகுதியில் இங்கல்ஸ் குடும்பம் இருந்தது. தாளில் அவர்களுக்கு முன்னும் பின்னும் இருந்த குடும்பங்கள் பிற்பாடு எந்தெந்த நிலத்தை வாங்கின என்று நிலப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, மீந்த இடத்தைக் குறித்தார்கள். அங்கே கையால் தோண்டிய பழைய கிணறு ஒன்றும் இருந்தது. நகரிலிருந்து தூரம் சுமார் பதின்மூன்று மைல்தான். நாவலில் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க வரும் கறுப்பின மருத்துவர் கற்பனைப் பாத்திரம் அல்ல, ஜார்ஜ் டான் என்ற நிஜ மனிதர் என்பதும் அக்கம்பக்கத்தாரைப் பார்த்ததால்தான் உறுதியாயிற்று.

குடும்பத்தை விட்டு அக்கம்பக்கத்தைப் பிடி என்பதுதான் இந்தத் துறையின் மிகச் சிறந்த பாடம். எலிசபெத் ஷோன் மில்ஸ் போன்ற ஆய்வாளர்கள் இதை முறையாகவே வகுத்திருக்கிறார்கள்: நண்பர்கள், கூட்டாளிகள், அண்டை வீட்டார் மூவரையும் சேர்த்துத் தேட வேண்டும். சார்ல்ஸ் மணந்தது கேரலைன் க்வைனரை. அவருடைய அண்ணன் பீட்டர் கேரலைனின் தங்கையையும், அவருடைய சகோதரி பாலி கேரலைனின் அண்ணன் ஹென்றியையும் மணந்தார்கள். கொண்டு கொடுத்த உறவு என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். விஸ்கான்சினின் பெபின் அருகே 1863-ல் நிலம் வாங்கியது சார்ல்ஸும் ஹென்றியும் சேர்ந்து. வெட்டுக்கிளிக்குத் தப்பி அயோவா போகிற வழியில் குடும்பம் தங்கியது பீட்டர் வீட்டில். ஒற்றைக் கூண்டுவண்டியில் தன்னந்தனியே போன துணிச்சல்காரன் என்ற சித்திரம் இந்த இடத்தில் உடைகிறது.

ஆனால் ஏன் போனார்கள், ஏன் திரும்பினார்கள் என்ற கேள்விக்கு வம்ச மரத்தில் கட்டமே கிடையாது. கான்சாஸை விட்டுக் கிளம்பியதற்கு, அரசாங்கப் படை வந்து விரட்டும் என்ற பேச்சைக் காரணமாக்குகிறது நாவல். சார்ல்ஸிடமிருந்து விஸ்கான்சின் நிலத்தை வாங்கியவர் பாக்கியைக் கட்ட முடியாமல் போனதால் நிலம் சார்ல்ஸிடமே திரும்பி வந்தது என்கின்றன பத்திரங்கள். 1875-ல் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, சார்ல்ஸ் மினசோட்டாவில் இரண்டு அரைப் பீப்பாய் மாவு நிவாரணம் வாங்கினார். விலை 5 டாலர் 25 சென்ட். அந்தக் குடும்பத்தின் இடப்பெயர்ச்சியை விளக்கும் ஆவணம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். தேடுபவர்கள் முதலில் போய் நிற்பதோ நிலப்பட்டாவில்.

பட்டாவின் மதிப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் பெற்றவரின் கோப்பில் வீட்டின் நீள அகலம், உழுத ஏக்கர், கிணறு, பிள்ளைகளின் எண்ணிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம் என்று எல்லாம் இருக்கும். கஷ்டம் எங்கே என்றால், ஐந்தாண்டு தாக்குப்பிடித்தவருக்குத்தான் பட்டா. இணையத்தில் எளிதாகக் கிடைப்பதும் பட்டா பெற்றவர்களின் பட்டியல்தான். பாதியில் கைவிட்டவர்களின் ரத்தான கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்தாலும் தேடிப்போகிறவர் குறைவு. 1880-களில் வந்த மாவட்ட வரலாற்று நூல்களும் பெரும்பாலும் முன்பணம் கட்டிய குடும்பங்களைத்தான் புகழ்ந்தன. குடியேற்றம் மும்முரமாக நடந்த காலத்துக்கான 1890 கணக்கெடுப்போ 1921-ல் வாஷிங்டன் தீவிபத்திலும் அதன் பிறகும் ஏறக்குறைய முழுக்க அழிந்துபோயிற்று. மிச்சமிருப்பவை ஜெயித்தவர்களின் தாள்கள். ஜெயித்தவர்களின் தாள்களைக் கோத்தால் கோடு மேற்கே போகாமல் வேறெங்கே போகும்?

1870 தாளில் இங்கல்ஸ் பெயருக்கு எதிரே நில மதிப்பு எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. நிலம் ஓசேஜ் மக்களுடையது, குடியேறியவர்களுக்கு உரிமை இல்லை என்று கணக்கெடுத்தவரே குறித்து வைத்தார். ஆனால் அந்த ஓசேஜ் மக்களில் ஒருவர் பெயர்கூட அந்தத் தாளில் கிடையாது. பழங்குடி அமைப்புக்குள் வாழ்ந்த, வரி கட்டாத இந்தியர்களை எண்ண வேண்டாம் என்பது விதி. ‘முன்னோடிக் குடும்பம்’ என்று சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும் வாரிசுகள் அந்தக் காலி இடத்தைப் படிப்பதாகத் தெரியவில்லை. ஓக்லஹோமாவுக்குத் தள்ளப்பட்ட ஓசேஜ் மக்களும் வம்சாவளி பார்க்கிறார்கள், ஆனால் பொழுதுபோக்காக அல்ல. 1906 சட்டத்தின் கீழ் தயாரான பட்டியலில் 2,229 பெயர்கள். அவர்கள் நிலத்து எண்ணெய் வருமானத்தில் யாருக்குப் பங்கு என்பது அந்தப் பெயர்களிலிருந்துதான் தொடங்குகிறது.

சார்ல்ஸ் டகோட்டாவில் கடைசியில் பட்டா வாங்கினார். பிறகு விவசாயத்தை விட்டு டி ஸ்மெட் ஊருக்குள் குடிவந்தார். 1902-ல் அங்கேயே இறந்தார். லாராவோ 1894-ல் கணவரோடும் மகளோடும் வண்டியேறித் தெற்கே மிசௌரிக்குப் போய்விட்டார்.