ஜகாட்: அடிக்கும் கைக்கு அப்பால்

2013இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. உறுப்பினர்கள் ஏறக்குறைய 40,000 பேர் என்றும், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றும் சொன்னது. நாட்டு மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறக்குறைய ஏழு விழுக்காடுதான். இந்தப் பையன்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று அப்போது கேட்டவர்கள் குறைவு. 2015 டிசம்பரில் திரைக்கு வந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' அதைத்தான் கேட்டது.

கதை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடக்கிறது. ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம். பன்னிரண்டு வயது அப்போய். படித்தால்தான் பிழைப்பு என்று அடித்து வளர்க்கிறார் அப்பா மணியம். சித்தப்பாக்களில் துரை கும்பலில் இருக்கிறான். பாலா போதையிலிருந்து மீண்டவன். வீட்டில் கிடைக்காத அன்பும் மதிப்பும் துரையிடம் கிடைப்பதாகச் சிறுவனுக்குத் தோன்றுகிறது. கும்பல் பிள்ளைகளை எப்படி இழுக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய மலேசியத் தமிழ்ப்படம் அரிது. பாத்திரங்கள் சென்னைத் தமிழைக் கடன் வாங்காமல், மலாய் கலந்த நம் பேச்சையே பேசுகிறார்கள். ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ பார்ப்பவருக்கு அது பக்கத்து வீட்டுக் குரல்.

படத்துக்கு வெளியேயும் ஒரு சண்டை நடந்தது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் வசனம் 70 விழுக்காடு இல்லாத படங்களுக்கென்று தனிப்பிரிவு ஒதுக்கப்பட்டது; 'ஜகாட்', 'ஓலா போலா' இரண்டும் அதில் தள்ளப்பட்டன. இதை எதிர்த்து ஒளிப்பதிவாளர் முகமட் நூர் காசிம் தம் விருதுகளைத் திருப்பித் தந்தார். எதிர்ப்பு வலுக்க, விதி மாறியது. சிறந்த மலேசியப் படமாக 'ஜகாட்' வென்றது.

ஆனாலும் குறையைச் சொல்லத்தான் வேண்டும். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே முடிச்சு. நிலம் கைமாறினாலோ பால்மரம் போய்ச் செம்பனை வந்தாலோ, சம்பளத்தோடு லயத்து வீடும் போகும். ஆயாக் கொட்டகையும் கோயிலும் அண்டை அயலும் கூடவே கலைந்துபோகும். பேராக்கில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் புறம்போக்கு நிலத்தில் ஒதுங்கின. இந்த வரலாறு படத்தில் பின்னணியாக மட்டுமே நிற்கிறது. தோட்டத்தை விற்றவர்களும், பார்த்துக்கொண்டு சும்மா இருந்த அரசும் சட்டகத்துக்குள் வருவதில்லை. பார்வையாளரின் கோபம், அடிக்கும் அப்பாவின் மீதும் பள்ளி ஆசிரியரின் மீதுமே இறங்குகிறது. அந்த அப்பாவும் அதே தோட்டத்தால் கைவிடப்பட்டவர்தான். பெண்களுக்கும் இடம் போதவில்லை. விடியலில் பால்வெட்டப் போய், பிறகு டவுனில் ஆலை வேலை பார்த்துக் குடும்பம் காத்த அம்மாக்கள் இல்லாமல் இந்த வரலாறு முழுமை பெறாது.

குண்டர் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்கு ஒரு குடும்பமும் கடந்தகாலமும் உண்டு என்று 'ஜகாட்' நிறுவியது. அது பெரிய காரியம். அடுத்து வரும் இயக்குநர் கேமராவைத் தோட்ட அலுவலகத்துக்குள் கொண்டுபோக வேண்டும். நிலம் விற்ற கையெழுத்தையும் காட்ட வேண்டும். அப்போதுதான் இந்தப் பழி பிள்ளைகளின் தலையிலும் பெற்றோரின் தலையிலும் மட்டும் விழாமல், உரியவர்களையும் போய்ச் சேரும்.