காலி வீதியை விட்டு இறங்குங்கள்

தெஹிவளையில் பார்க்க என்ன உண்டு என்று கேட்டால், பலரும் மிருகக்காட்சிசாலையைத்தான் சொல்வார்கள். 1936இல் அரசு பொறுப்பேற்ற அந்த இடம் அரை நாளைத் தின்றுவிடும். ஊரை மட்டும் காட்டாது. ஊரைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில் இறங்கித் தெற்கு நோக்கி நடக்க வேண்டும், அதுவும் நேராக அல்ல. காலி வீதியும் மரைன் டிரைவும் கடலோரத் தண்டவாளமும் அருகருகே ஓடுகின்றன. வீதிகள் இரண்டையும் ஒழுங்கைகள் ஏணிப்படிகள் போல இணைக்கின்றன. காலி வீதியோடு மட்டும் போனால் புடவைக்கடையும் நகைக்கடையும் பஸ் இரைச்சலும்தான் மிஞ்சும். ஓர் ஒழுங்கையால் கடலுக்கு இறங்கி, அடுத்ததால் ஏறி வந்தால் நூறு அடிக்குள் இரைச்சல் அடங்கும். புதிய தொடர்மாடிகளுக்கு நடுவே ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்று எட்டிப்பார்க்கும். இராமகிருஷ்ண மிஷன் இருப்பதும் கடலுக்கு இறங்கும் அப்படியொரு வீதியில்தான். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும்கூடக் காலி வீதியில் இல்லை, 57ஆம் ஒழுங்கையில் இருக்கின்றன. இந்த ஊர் தன் முக்கியமானவற்றைக் குறுக்கே வைத்திருக்கிறது. நினைத்த இடத்தில் திரும்பவும் நிற்கவும் தனியாக வருபவருக்கே முடியும். கூட்டமாக வருபவர்களை அடுத்த இடம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

கண்டியைப் போலவோ காலிக் கோட்டையைப் போலவோ இங்கே எதுவும் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் மக்கள் வாழ்ந்து, இழந்து, மீண்டும் வந்து கட்டிய தெருவுக்கும் வரலாறு உண்டு. 1983 யூலையில் வெள்ளவத்தையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. 1996 யூலை 24 அன்று தெஹிவளை நிலையத்தில் புகையிரதத்தில் வெடித்த குண்டுகள் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. இவற்றை அறிந்து நடப்பவருக்கு, மாலையில் மலர்மாலையும் முருங்கைக்காயும் விற்கும் நடைபாதையும் சாதாரணமாகத் தெரியாது. துயரத்தைச் சுற்றுலாவாக்குவதா என்ற கேள்வி நியாயமானதே. அதற்காக அறியாமல் கடந்துபோவதை மரியாதை என்று நான் ஏற்கமாட்டேன்; படம் எடுக்காமல், குரல் தாழ்த்தி நடப்பதே மரியாதை.

வெயில் சுடும் என்பதும் சரியான ஆட்சேபம். ஆகவே காலை ஆறு மணிக்கே தொடங்குங்கள். இடியப்பமும் சொதியும் சூடாகக் கிடைக்கும் நேரம் அது. நண்பகலில் கால்வாயைக் கடந்து தெஹிவளைக்குள் வந்து, கரகம்பிட்டிய சுபோதாராம விகாரையின் நிழலில் தங்குங்கள். சுவரோவியங்களை அவசரப்படாமல் பாருங்கள். வாசலுக்கு மேலே விக்டோரியா மகாராணியின் உருவமும் இருக்கிறது. பௌத்த விகாரையில் பிரித்தானிய அரசி, காலனித்துவ காலத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் சுவர் வேறு எங்கே? தோளும் முழங்காலும் மூடிய உடையோடு போங்கள், காலணியை வெளியே விடுங்கள்.