கூடாரம் யாருடைய நிலத்தில்?

மாலை ஆறரை மணி. கூடாரத்தின் பின்பக்கம் ஒருவர் வாளி நிறைய வெந்நீரோடு வருகிறார். அதைக் கித்தான் பையில் ஊற்றி, கயிற்றை இழுத்துப் பையைத் தலைக்கு மேல் உயர்த்தி, கம்பத்தில் முடிச்சுப் போடுகிறார். "வெந்நீர் தயார்" என்று குரல் கொடுக்கிறார். உள்ளே நிற்பவர் சங்கிலியை இழுத்ததும் தண்ணீர் கொட்டுகிறது. சுமார் 20 லிட்டர். சிக்கனமாகக் குளித்தால் தலைக்கும் போதும். குளித்து வருவதற்குள் விளக்கு ஏற்றியாகிவிடும், போர்வைக்குள் வெந்நீர்ப் பை செருகியாகிவிடும். இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடாரத்துக்குத் தனியே நடக்கக் கூடாது. கையில் டார்ச்சோடு ஒரு மாசாய்க் காவலர் கூடவே வருவார். 'அஸ்காரி' என்று அவரை அழைக்கிறார்கள். பாதையோரம் நீர்யானை மேய்ந்துகொண்டிருக்கலாம்.

கென்யாவின் மாசாய் மாறா பகுதியில் இந்த ஓர் இரவுக்கு ஆளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கும் முகாம்கள் பல உண்டு. விலை கூடுதலா குறைவா என்பது கொடுப்பவர் பாடு. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, போன இடத்தில் புல்வெளியைக் காப்பாற்றுகிறதா என்பதுதான் உலகத்துக்கு வேண்டிய கேள்வி. சொகுசுக் கூடாரங்களைப் புகழ்பவர்களும் திட்டுபவர்களும் பெரும்பாலும் கித்தானையும் கட்டிலையும் பார்த்தே பேசுகிறார்கள். பார்க்க வேண்டியது கூடாரம் ஊன்றிய மண்ணை.

'சஃபாரி' என்பது சுவாஹிலி மொழியில் பயணம். அரபியிலிருந்து வந்த சொல். அதற்கு வேட்டை என்ற பொருளை ஏற்றியது ஐரோப்பிய, அமெரிக்கச் செல்வந்தர்களின் காலம். அமெரிக்க அதிபர் பதவியை விட்டு இறங்கிய கையோடு 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன தியோடர் ரூஸ்வெல்ட், சுமைதூக்கிகளின் நீண்ட வரிசையோடு மாதக்கணக்கில் சுற்றினார். அருங்காட்சியகத்துக்காக அந்தப் பயணக்குழு சேகரித்த உயிரின மாதிரிகள் 11,000-க்கு மேல். 1977-இல் கென்யா வேட்டையை முற்றாகத் தடைசெய்தது. துப்பாக்கி போயிற்று, கூடாரம் தங்கிவிட்டது. 1972-இலேயே மாறா ஆற்றங்கரையில் தொடங்கிய கவர்னர்ஸ் கேம்ப் போன்றவை, கேமராவோடு வருபவர்களுக்கான கூடார முகாமுக்கு வடிவம் கொடுத்திருந்தன.

கூடாரத்துக்கு ஆதரவான வலுவான வாதம் கோதுமையிலிருந்து தொடங்குகிறது. மாறாவுக்கு வடகிழக்கே லோயிட்டா சமவெளி இருக்கிறது. தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வரும் பெருங்கூட்டத்தைச் சேராத, உள்ளூர் வில்டபீஸ்ட் மந்தைகள் கன்று ஈனுவது அங்கேதான். எருதின் தலையும் மானின் கால்களும் ஒட்டவைத்தது போன்ற அந்த விலங்கு 1977-இல் அங்கே சுமார் 1,19,000 இருந்தது. 1997-இல் சுமார் 22,000. இடையில் நடந்தது வேட்டையும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. கோதுமைக்காகச் சமவெளியை டிராக்டர் உழுதது. கென்யா முழுவதற்குமான கணக்கும் ஆறுதல் தருவதாக இல்லை. 1977 முதல் 2016 வரை மேய்ச்சல் நிலங்களின் காட்டு விலங்குகள் சராசரியாக 68 விழுக்காடு குறைந்ததாக 2016-இல் வெளியான ஆய்வு சொன்னது. வேட்டைத் தடை நடப்பில் இருந்த அதே ஆண்டுகளில்தான் இந்த அழிவு. சட்டம் தோட்டாவைத் தடுத்தது; கலப்பையையும் கம்பிவேலியையும் தடுக்க அதற்கு வழியில்லை. அந்நாட்டு வனவிலங்குகளில் பாதிக்கு மேற்பட்டவை பூங்காக்களுக்கு வெளியே, மனிதர்களின் நிலத்தில்தான் வாழ்கின்றன. அந்த நிலத்துக்காரருக்கு வரிக்குதிரையால் காலணா வருமானம் இல்லை. கோதுமைக்கு உண்டு.

இந்தக் கணக்கை மாற்றி எழுதியதுதான் மாறாவைச் சுற்றியுள்ள 'கன்சர்வன்சி' எனப்படும் சமூகக் காப்புநிலங்கள். மாசாய்களின் பொதுநிலமாக இருந்தது பிரிக்கப்பட்டு, குடும்பத்துக்குச் சுமார் 150 ஏக்கர் எனப் பட்டா ஆனது. அப்படியே விட்டிருந்தால் ஒவ்வொரு துண்டும் வேலிக்குள் போயிருக்கும். 2006-இல் ஓலாரே ஓரோக், 2010-இல் நபொய்ஷோ என்று நில உரிமையாளர்கள் துண்டுகளைச் சேர்த்து முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். நபொய்ஷோவில் 500-க்கும் மேற்பட்ட உரிமையாளர்களின் நிலம் சேர்ந்து சுமார் 50,000 ஏக்கர். சுற்றுலாப் பயணி வந்தாலும் வராவிட்டாலும் குத்தகைப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாட்டின் உயிர்நாடி. இத்தனை ஏக்கருக்கு ஒரு கூடாரம்தான் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நபொய்ஷோவில் அது 350 ஏக்கருக்கு ஒன்று. ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது.

இங்கேதான் அதிக விலை தன்னை நியாயப்படுத்திக்கொள்கிறது. 350 ஏக்கரின் வாடகையை ஒரே கூடாரம் சுமக்க வேண்டுமென்றால் அது மலிவாக இருக்க முடியாது. பலனும் கண்ணால் காணக்கூடியது. இந்தக் காப்புநிலங்களில் சிங்கங்களின் உயிர்பிழைப்பை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஓர் இடத்தில் எவ்வளவு குடும்பங்கள் கன்சர்வன்சியில் உறுப்பினர்களோ அவ்வளவுக்குச் சிங்கம் பிழைத்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டது. மாட்டை அடித்த சிங்கத்துக்கு விஷம் வைக்கும் கையைத் தடுத்து நிறுத்தியதில் மாதாமாதம் கணக்கில் ஏறும் பணத்துக்குப் பங்குண்டு. 2005-இல் தொடங்கிய கொய்யாக்கி வழிகாட்டிப் பள்ளி, மாடு மேய்த்த பிள்ளைகளைத் தேர்ந்த வழிகாட்டிகளாக்கியது. மண்ணில் காய்ந்த கால்தடத்தை வைத்து எத்தனை மணி நேரத்துக்கு முன் சிறுத்தை போனது என்று சொல்லும் அறிவு அவர்களுடைய அப்பாக்களிடமும் இருந்தது. அதற்குச் சம்பளம் கிடைத்தது இந்தத் தலைமுறைக்குத்தான்.

அங்கிருந்து எல்லைக்கோட்டைத் தாண்டி மாறா தேசியக் காப்பகத்துக்குள் வந்தால் காட்சி மாறுகிறது. அதே கித்தான், அதே வெந்நீர் வாளி, வேறு பொருளாதாரம். 1,510 சதுர கிலோமீட்டர் கொண்ட இந்த நிலத்தில் பெரும்பகுதி நரோக் மாவட்ட அரசின் கையில். பருவகாலத்தில் காலை ஏழு மணிக்கு ஒரு சிவிங்கிப்புலி குட்டிகளோடு கறையான் புற்றின் மேல் ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் ரேடியோவில் 'தூமா' என்ற ஒரு சொல் ஒலிக்கிறது. சுவாஹிலியில் அந்த விலங்கின் பெயர். கால் மணி நேரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வண்டிகள் வந்து குவிகின்றன. தாய் அடிவானத்தில் ஒரு மான் கூட்டத்தைப் பார்த்துவிட்டது. இறங்கி நடக்கத் தொடங்குகிறது. வண்டிகளும் என்ஜினை முடுக்கி முந்திப்போய் வழியை மறிக்கின்றன. மான்கள் தலை தூக்குகின்றன, ஓடிவிடுகின்றன. தாய் திரும்பவும் புற்றடியில் வந்து படுக்கிறது. குட்டிகளுக்கு அன்றைய சாப்பாடு போயிற்று.

இதன் விலையை ஃபெம்கே பிரோக்ஹைஸ் என்ற ஆய்வாளர் மாறாவில் அளந்தார். 2018-இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, சுற்றுலா நெரிசல் குறைந்த இடங்களில் ஒரு சிவிங்கிப்புலி ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. நெரிசல் மிகுந்த இடத்தில் 0.2. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! வண்டி யாரையும் இடித்துக் கொல்லவில்லை. சும்மா சூழ்ந்து நின்றதே போதுமானதாக இருந்திருக்கிறது. காப்பகத்துக்குள்ளும் ஐந்து வண்டி விதி உண்டு. ஆனால் நெருங்கிப் போய்ப் படம் எடுக்கவைத்த ஓட்டுநருக்குத்தான் கனத்த டிப்ஸ் கிடைக்கிறது என்றால், விதியைக் காப்பவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறார். 2025 ஜூலையில் எல்லைக்கு அந்தப் பக்கம், வடக்கு செரெங்கெட்டியில், வண்டிகளை விட்டு இறங்கிய பயணிகள் ஆற்றங்கரையில் கும்பலாக நின்று வில்டபீஸ்ட்கள் ஆற்றைக் கடப்பதை மறித்த காணொளி உலகெங்கும் பரவியது. காசு கொடுத்துப் பார்க்க வந்த காட்சியை அவர்களே நிறுத்திவைத்தார்கள்.

கூட்டத்தைக் குறைக்க, 2024 முதல் வெளிநாட்டினருக்கான காப்பக நுழைவுக் கட்டணம் ஜூலை தொடங்கி டிசம்பர் வரை நாளுக்கு 200 டாலர் ஆக்கப்பட்டது. கட்டணம் கூடினால் நெரிசல் தானே தணியும் என்று நம்புவது கடினம். பணம் படைத்தவர்களும் அதே சிவிங்கிப்புலியைத்தான் பார்க்க வருகிறார்கள். 2025 ஆகஸ்டில் உலகளாவிய ஒரு சொகுசு விடுதிக் குழுமம் மாறாவில் 20 கூடாரங்களோடு முகாம் திறந்தபோது, அது விலங்குகளின் இடப்பெயர்வுப் பாதையை மறிக்கிறது என்று மாசாய்ச் செயல்பாட்டாளர் ஒருவர் நரோக் நீதிமன்றத்துக்குப் போனார். இடப்பெயர்வு கென்யா-தான்சானியா எல்லையின் அகலம் முழுவதிலும் பரவி நடக்கிறது, முகாம் அதைத் தடுக்கவில்லை என்று கென்ய வனவிலங்குத் துறை மறுத்தது. அந்த ஒரு முகாமைப் பற்றிய வழக்கைத் தாண்டி ஒரு பெரிய கேள்வி நிற்கிறது. ஆற்றங்கரையில் எத்தனை முகாம்கள் போதும் என்று முடிவெடுக்கும் இடத்தில் அந்த மண்ணின் மக்கள் இருக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. இந்தத் தொழிலின் ஆழமான குறை அதுதான். 1920-களின் பாணி என்று சொல்லிக் கிராமபோன், தோல் பெட்டி, பித்தளை விளக்கு என அலங்கரித்து வைக்கும் முகாம்கள் இருக்கின்றன. அந்த அலங்காரம் நினைவூட்ட விரும்பும் காலத்துக்குச் சற்று முன்புதான் மாசாய்கள் துரத்தப்பட்டார்கள். 1904, 1911 ஆண்டுகளின் ஒப்பந்தங்களைக் காட்டி அவர்களுடைய சிறந்த வடக்கு மேய்ச்சல் நிலத்தைக் காலனி அரசு வெள்ளையர் குடியேற்றத்துக்கு எடுத்துக்கொண்டது. 1913-இல் மாசாய்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது இரு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை, விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். அந்தக் காலத்தை அழகுப் பொருளாக்கி, சிவப்பு ஷுக்கா போர்த்திய அவர்களுடைய பேரன்களை வாசலில் நிறுத்தி வரவேற்கவைப்பது, எவ்வளவு அன்போடு செய்தாலும் புண்ணைக் கீறுவதே.

தான்சானியாவில் கதை பழையதாகவே தொடர்கிறது. செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாசாய்களுக்கு 1959-இல் ஙொரொங்கோரோவில் இடம் தரப்பட்டது. இப்போது அங்கிருந்தும் தொலைவிலுள்ள ம்சொமேராவுக்குப் போகச் சொல்கிறது அரசு. 2022 ஜூனில் லொலியொண்டோவில் காப்பகம் அமைக்க 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட அதிகாரிகள் வந்தபோது மோதல் வெடித்து, பலர் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள்.

நல்ல ஏற்பாடு என்று மேலே சொன்ன கன்சர்வன்சியிலும் ஓட்டைகள் உண்டு. நிலம் பிரித்தபோது பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயருக்கே போனது. குத்தகைப் பணமும் அப்படியே. நிலமில்லாதவர், பிந்திப் பிறந்தவர், கைம்பெண் ஆகியோர் கணக்கிலேயே வரவில்லை. காப்புநிலத்துக்குள் இருந்த வீடுகள் இடம்மாற வேண்டியிருந்தது. வறட்சியில் வேலியற்ற புல் கண்ணெதிரே நிற்க, அங்கே மாட்டை ஓட்டினால் அபராதம். 2020-இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, ஒரு நிலப்பரப்பின் காவல் முழுவதையும் தூர தேசத்து விடுமுறைக்காரர்களின் பயணச்சீட்டில் கட்டி வைத்திருப்பது எவ்வளவு நொய்மையானது என்பது வெளிச்சமாயிற்று. குத்தகை குறைந்த வீடுகளில் மறுபடியும் வேலிப் பேச்சு எழுவது இயல்பு.

வேலிகள் 2010-க்குப் பின் மாறாவைச் சுற்றி எவ்வளவு வேகமாகப் பெருகின என்பது செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிகிறது. அவற்றின் நடுவில் இருக்கிறது 2016-இல் உருவான பார்தமத் காப்புநிலம். இங்கே வீடுகளைக் கிளப்பவில்லை. மக்களும் மாடுகளும் உள்ளேயே இருக்கலாம், வேலியை மட்டும் எடுத்தால் போதும் என்பது ஏற்பாடு. தானே காசு போட்டு நட்ட கம்பங்களை நிலத்துக்காரரே பிடுங்கி, கம்பியைச் சுருட்டிக் கட்டி வைக்கிறார். கம்பம் இருந்த குழிகளுக்கு மேல் மழைக்குப் பிறகு புல் மூடும். மாடும் வரிக்குதிரையும் ஒரே தாரையில் தண்ணீருக்குப் போகும். குத்தகை நின்றுபோனால் மறுபடி நடுவதற்குக் கம்பிச் சுருள் வீட்டுக் கொட்டகையிலேயே கிடக்கிறது.